கீச்சென்றால் நல்லது

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய உன் கார் வீடியோவை நாலு தடவை கேட்டுவிட்டேன். காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் டிக் டிக் என்று அடிக்கிறது, இன்ஜின் சூடானதும் அடங்கிவிடுகிறது. முதலில் டேப்பட், அதாவது வால்வைத் தட்டும் பாகம், என்றுதான் நினைத்தேன். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இன்ஜின் புகையைச் சேர்த்து வெளியே விடும் மேனிஃபோல்டின் கடைசி போல்ட்டுக்குத் தலையே இல்லை. அந்தச் சந்தில் புகை கசிகிறது. இரும்பு சூட்டில் விரிந்ததும் சந்து அடைந்துகொள்கிறது, அவ்வளவுதான். போல்ட்டுகளை நீ மாற்றி முடிக்கும்வரை வண்டியை ஷெட்டுக்குள் ஓடவிடாதே. கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது.

2004 மாடல் வண்டி, இருபது பனிக்காலம் பார்த்தது. மிச்சிகனில் பனியை உருக்க ரோட்டில் உப்பைக் கொட்டுவார்கள், அதுதான் இரும்பை அரித்திருக்கிறது. டெட்ராய்ட்டுக்கு அடியில் 1,000 அடிக்கும் கீழே உப்புச் சுரங்கமே இருக்கிறது என்று நீ சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தூத்துக்குடியில் முப்பது வருஷம் உப்பு லாரிக்கு அடியில் படுத்துக் கிடந்தவன் மகள், உப்பைத் தேடி அவ்வளவு தூரம் போயிருக்கிறாய்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரும்பு துருப்பிடித்தால் முன்னைவிட அதிக இடத்தை அடைக்கும். மரைக்குள் அது ஊதிப்போய்ப் போல்ட்டை ஆப்பு மாதிரி இறுக்கிப் பிடித்திருக்கும். சனிக்கிழமை வேலை என்றால் புதன்கிழமையே துரு இளக்கும் எண்ணெயை அடி. தினமும் சாயங்காலம் ஒரு தடவை அடித்து, போல்ட் தலையில் சுத்தியலால் நாலு தட்டு தட்டு. அந்த அதிர்ச்சியில்தான் எண்ணெய் உள்ளே இறங்கும்.

சனிக்கிழமை ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்காதே, ஸ்டாண்ட் போடு. போல்ட்டைத் திருகப் பன்னிரண்டு பட்டை சாக்கெட் வேண்டாம், ஆறு பட்டைதான். அரித்துப்போன தலையில் 13 மில்லிமீட்டர் சாக்கெட் வழுக்கினால் அரை அங்குல சாக்கெட்டை அடித்து ஏற்று. அது 12.7 மில்லிமீட்டர், கவ்விக்கொள்ளும்.

முதலில் கழற்றாதே, ஒரு மயிரிழை இறுக்கு. துரு அங்கே விட்டுக்கொடுக்கும். அப்புறம் கால் சுற்று கழற்று, மறுபடி இறுக்கு, எண்ணெய் விடு. காதைக் கொடுத்துக் கேள். கீச்சென்று கத்தினால் நல்லது, மரை நகர்கிறது. சத்தமே இல்லாமல் ரப்பர் மாதிரி இழுபட்டுக்கொண்டே வந்தால் அந்த நொடியே கையை எடு. போல்ட் சுற்றவில்லை, முறுகுகிறது. அதற்கப்புறம் அரை நிமிஷம்கூடத் தாங்காது.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் கேவலமானது. பட்டறையில் சேர்ந்த புதிதில் அவசரப்பட்டு ஒன்றை உடைத்தேன். துளை போட்டு, ஒடிந்த போல்ட்டை வெளியே எடுக்கும் ஈஸி அவுட்டை விட்டுத் திருகினேன், அதுவும் உள்ளேயே ஒடிந்தது. அது கெட்டிப்படுத்திய எஃகு, சாதாரண டிரில் அதன்மேல் வழுக்கும். கடைசியில் இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டையே கழற்றினோம். லாரி இரண்டு நாள் நின்றது. முதலாளி திட்டவில்லை, பேசவே இல்லை. திட்டியிருக்கலாம்.

அதனால் ஏற்கெனவே உடைந்த அந்தக் கடைசி போல்ட்டை நீ தொடாதே. துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நல்ல வெல்டர் ஒருவர் அதன்மேல் ஒரு நட்டை வைத்துப் பற்றவைப்பார். அந்தச் சூட்டிலேயே துருவின் பிடி விட்டுவிடும். பேட்டரி வயரைக் கழற்றிவிடச் சொல். உன் ஹெட் அலுமினியம். டிரில் போட்டால் கெட்டியான போல்ட்டை விட்டுவிட்டு மெத்தென்ற அலுமினியத்துக்குள் ஓடிவிடும்.

கீழே குழாய் சேரும் இடத்து நட்டுகளுக்கு கேஸ் டார்ச்சால் தீ காட்டலாம். சூடு நட்டுக்கு, அது ஏறியிருக்கும் தலையில்லாத போல்ட்டான ஸ்டடுக்கு அல்ல. எண்ணெய் சொட்டும்போது காட்டாதே, பெட்ரோல் குழாய் எங்கே போகிறது என்று பார்த்துக்கொள். பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் தீயே கூடாது. சில வகையில் குளோரின் கலந்திருக்கும், சூட்டில் விஷவாயு வரும்.

மாட்டும்போது போல்ட், இடையில் வைக்கும் கேஸ்கெட் எல்லாம் புதிது. மறுபடி இறுகிப் பிடிக்காமலிருக்க மரையில் நிக்கல் பேஸ்ட் தடவு, நடுவிலிருந்து ஓரத்துக்கு இறுக்கிக்கொண்டு போ.

ஞாயிற்றுக்கிழமை காலை, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணும்போது போன் போடு. பேச வேண்டாம், போனை அந்தப் பக்கமாக நீட்டு. இங்கே ராத்திரியாக இருக்கும், முழித்திருப்பேன்.

அப்பா