குறுக்கே பெருக்குவதற்கு முன்னால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மாணவர் பக்கத்தில் பின்னங்களை ஒப்பிடும் பாடம் படித்தேன். 5/8, 7/12 இரண்டில் எது பெரியது? குறுக்கே பெருக்கு, 5×12 = 60, 7×8 = 56, ஆகவே 5/8 பெரியது. விடை சரிதான். ஆனால் அந்த 60-உம் 56-உம் எங்கிருந்து வந்தன என்று ஒரு வரிகூட இல்லை. இரண்டு பின்னத்துக்கும் பகுதியை 96 ஆக்கினால் தொகுதியில் வருபவைதான் அவை: 60/96, 56/96. 8, 12 இரண்டாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண்ணான (மீ.சி.ம.) 24-ஐ எடுத்தால் 15/24, 14/24 என்று இன்னும் சின்ன எண்களிலேயே முடிந்துவிடும். இதைச் சொல்லாமல் பெருக்க மட்டும் சொன்னால், எந்தப் பெருக்கலை எந்தப் பக்கம் எழுதுவது என்று பிள்ளை மறக்கிற அன்றைக்கு விடை தலைகீழாகிவிடும்.

பல கணக்குகளுக்குப் பெருக்கலே வேண்டாம். 3/7 பாதிக்குக் கீழே, 5/9 பாதிக்கு மேலே. அவ்வளவுதான். 18/24, 20/25 என்று கொடுத்தால் முதலில் சுருக்க வேண்டும்: 3/4, 4/5. முழுசாவதற்கு முதலாவதில் 1/4 குறைகிறது, அடுத்ததில் 1/5தான் குறைகிறது. ஆகவே 4/5 பெரியது. நாமோ சுருக்குவதைக் கடைசி வரியில் அரை மார்க்குக்காகச் செய்கிற சடங்காக வைத்திருக்கிறோம்.

அப்புறம், உதாரணத்துக்கு எப்போதும் பீட்சாவையே வெட்ட வேண்டுமா? நகைக்கடை இருக்கிறதே! 22 காரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம், சுருக்கினால் 11/12. 18 காரட் 3/4, அதாவது 9/12. எட்டு கிராம் சவரனில் சுத்தத் தங்கம் 18 காரட்டில் 6 கிராம், 22 காரட்டில் ஏழே கால் கிராமுக்குக் கொஞ்சம் மேலே. ஹால்மார்க்கில் இருக்கும் 750, 916 எல்லாம் ஆயிரத்துக்கு எத்தனை பங்கு என்பதுதான்.

14 காரட் நகையில் 585 என்று இருக்கும். 14/24-ஐச் சுருக்கினால் 7/12. ஆயிரத்துக்கு 583 சொச்சம்தான் வருகிறது. இவ்வளவு நெருங்கிய பின்னங்களைப் பார்வையால் பிரிக்க முடியாது. குறுக்குப் பெருக்கலை இங்கே கொண்டுவாருங்கள். 585/1000 சுருங்கி 117/200 ஆகும். 117×12 = 1404; 7×200 = 1400. முத்திரையில் இருப்பதுதான் ஒரு துளி அதிகம். 916-ஐ 11/12-உடன் ஒப்பிட்டால் கதை மாறும். அதை அடுத்த வாரப் பக்கத்தில் கேள்வியாகப் போடுங்கள், பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்,
கும்பகோணம்.