அசல் கல்லச்சு என்று விற்ற ஆஃப்செட் நகல்கள்: பணத்தைத் திருப்பித் தரக் கோரி

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா,

வணக்கம். 19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியர் யூஜின் ஃபிளாந்தின் வரைந்த அசல் கல்லச்சுப் படங்கள் (கல்லில் வரைந்து அச்சடித்தவை) என்று நீங்கள் விற்ற, கிரேக்க நாட்டின் ரோட்ஸ் தீவுக் காட்சிகள் மூன்றை ரூ.21,000 கொடுத்து வாங்கினேன். துறைமுகக் காட்சி அசல்தான், அதில் குறையில்லை. மற்ற இரண்டான நைட்டுகள் (Knights, மத்தியகால வீரர்கள்) தெருவும் புனித யோவான் தேவாலயமும் இந்தக் காலத்து ஆஃப்செட் (இயந்திர வண்ண அச்சு) நகல்கள்.

10 மடங்கு லென்ஸில் துறைமுகப் படத்தைப் பாருங்கள். சொரசொரப்பான கல்லில் மெழுகுக் கோல் பட்ட இடமெல்லாம் ஒழுங்கற்ற கருமணிகள். இளம்பழுப்புச் சாயம் இரண்டாவது கல்லிலிருந்து ஒரே பூச்சாக இறங்கியிருக்கிறது. மேகத்தின் வெள்ளைக்கு அந்தக் கல்லைச் சுரண்டியிருப்பதால் அங்கே வெறும் காகிதம் தெரிகிறது. மற்ற இரண்டிலும் அதே பழுப்பு நிறம் நீல, சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகளாகப் பிரிந்து பூப்பூவாக வரிசை கட்டி நிற்கிறது. தேவாலயப் படத்தின் வானத்தில் மிளகளவு பழுப்புக் கறை ஒன்று உண்டு. அதுவும் புள்ளிகளால் ஆனது! தாளைத் திருப்பினால் பின்பக்கம் பளிச்சென்று வெள்ளை. பழைய தாளின் கறையையும் சேர்த்துப் படமெடுத்து அச்சடித்திருக்கிறார்கள். புற ஊதா டார்ச் அடித்தால் இரண்டு தாளும் நீலமாக ஒளிர்கின்றன. வெண்மையூட்டும் வேதிப்பொருள் கலந்த காகிதம் 20ஆம் நூற்றாண்டின் சரக்கு.

"ஓரத்தில் தகட்டின் அழுத்தத் தடம் இருக்கிறது, ஆகவே அசல்" என்று உங்கள் பிரிவு பதில் எழுதியது. அந்தத் தடம் செப்புத் தகட்டு அச்சுக்கு உரியது. கல்லச்சில் தகடே கிடையாது. ஆக, தடம் இருப்பதே சந்தேகத்துக்கு இடம்.

விவரக் குறிப்பும் தவறு. தேவாலயத்தை "1860இல் நேரில் பார்த்து வரைந்தது" என்கிறீர்கள். 1856இல் இடி விழுந்து, நிலவறையிலிருந்த வெடிமருந்து வெடித்து அந்தத் தேவாலயம் தரைமட்டமானது. ஃபிளாந்தின் ரோட்ஸுக்குப் போனது 1844இல்.

இரண்டு நகல்களுக்கான ரூ.14,000, திருப்பி அனுப்பும் கூரியர் செலவு இரண்டையும் 15 நாட்களுக்குள் தர வேண்டும். தளத்திலுள்ள விவரத்தில் "ஆஃப்செட் நகல்" என்று திருத்துங்கள். தவறினால் நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்வேன். லென்ஸ் வழியே எடுத்த ஆறு படங்களை இணைத்திருக்கிறேன். நகல்களை மடிக்காமல், இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே வைத்திருக்கிறேன். எடுத்துப்போக ஆள் அனுப்பலாம்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்