அந்தக் கை யாருதுடா?

மஞ்சக்குப்பம், கடலூர்
பொங்கல் முடிஞ்ச ஞாயிறு

டேய் செல்வம்,

ஆறு மாசமா கடுதாசி போடலைன்னு திட்டு, வாங்கிக்கறேன். வீட்ல எல்லாரும் சௌக்கியம், எனக்குச் சுகர் மட்டும் ஏறியிருக்கு. நம்ம கூட்டாளி கோலிசோடா வந்திருந்தான், இன்னும் அதே கதையைத்தான் சொல்றான். விஷயத்துக்கு வர்றேன்.

போகிக்குப் பரண் ஒழிச்சப்ப நம்ம இரும்புக்கை மாயாவி கிடைச்சான். 1972-ல முத்து காமிக்ஸ் சிவகாசியில இருந்து முதமுதல்ல விட்டது, உங்க அண்ணன்கிட்ட நாம சுட்டது. கரையான் தின்னது போக மிச்சம். விளையாட்டுக்கு அம்மா கையில கொடுத்தேன். கண்ணாடியை மாட்டி ஒவ்வொரு கட்டமா விரல் வச்சுட்டு, "ஏன்டா, ஆறு பேரும் ஒரே ஜாடையா இருக்காங்களே, அண்ணன் தம்பிங்களா?"ன்னாங்க. மாயாவி மறைஞ்சு கை மட்டும் அந்தரத்துல நிக்கிற இடத்துல, "ஐயோ, இது யாரு கைடா? வெட்டிட்டானுங்களா?"

விழுந்து விழுந்து சிரிச்சேன். ராத்திரி தூக்கம் வரலை. அம்மாவுக்கு 81 வயசு. மறதி நோய்க்கு இதுதான் ஆரம்பமோன்னு ஒரே பயம். பால்காரன் கணக்கை மட்டும் பைசா பிசகாம சொல்றாங்க!

அப்புறம் தேடிப் படிச்சேன். நீல் கோன்னு ஒருத்தர் இதையே தொழிலா ஆராயறார். சித்திரக் கதையைப் பார்த்து வளராதவங்களுக்கு ஒவ்வொரு கட்டமும் தனிப் படமாம், அடுத்தடுத்து வர்றது ஒரே ஆள்னு பல சமயம் பிடிபடாதாம். குழந்தைங்களுக்கே நாலுலேர்ந்து ஆறு வயசுக்குள்ள மெதுவாத்தான் கூடி வருமாம். வாக்கியத்துல ஒட்டாத வார்த்தை வந்தா மூளையில 400 மில்லிசெகண்டு வாக்குல ஒரு மின் அலை எழுமே, கட்டங்களைக் கலைச்சுப் போட்டாலும் அதே அலைதான் கூடுதாம். படத்துக்குப் பாஷை எதுக்குன்னு டீக்கடையில அளந்தோமே, எல்லாம் புளுகு.

பூகோளப் புத்தகத்துக்குள்ள ஒளிச்சு வச்சு, அம்மா பார்த்துடுவாங்கன்னு நடுங்கினோமேடா. விரிச்சே வச்சிருந்தாலும் அவங்களுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. இத்தனை வருஷத்துல ஒரு பக்கத்தைக் காட்டிச் சொல்லித் தரணும்னு எனக்குத் தோணவே இல்லை. அதுதான் உறுத்துது.

இப்பத் தினமும் சாயங்காலம் திண்ணையில பாடம். "இந்தக் கட்டத்துல கீழ நிக்கறான், அதுல மாடியில."

"எப்ப ஏறினான்? காட்டவே இல்லையே?"

"நடுவுல வெள்ளையா விட்டிருக்கே, அங்கதாம்மா. நாமதான் ஏத்திவிடணும்."

"படம் போட்டவனுக்கு என்ன சோம்பேறித்தனம்!"

நேத்து அவங்களே பக்கத்தைப் புரட்டிட்டு நின்னுட்டாங்க. திரும்பப் புரட்டிப் பார்த்தாங்க. "நடுவுல என்னவோ விட்டுப்போச்சுடா. இது நாம ஏத்திவிடற அளவு இல்ல, ரொம்பப் பெருசா இருக்கு."

தையல்கிட்ட பார்த்தா, கிழிச்ச தாளோட ஓரம்.

செல்வம், மரியாதையா அந்தத் தாளை அனுப்பிடு. அன்னிக்கு மாரியம்மன் மேல சத்தியம் பண்ணினே, நானும் நம்பினேன். இப்பக் கேக்கறது அம்மா.

உன்
ரவி