லாபம் கூடியது சரி, எப்படிக் கூடியது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் வணிகப் பக்கத்தில் காலாண்டு முடிவுகள் வரும்போதெல்லாம் 'நிகர லாபம் உயர்வு' என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. அந்த லாபம் எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதுங்கள் என்று கேட்கவே இந்தக் கடிதம்.

எங்கள் டெல்டாவில் பங்கு என்றாலே முன்பு பேங்க் ஷேர்தான். கும்பகோணத்தில் 1904-இல் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கியின் பங்கை அப்பாவிடமிருந்து பிள்ளை வாங்கி வைத்துக்கொண்ட வீடுகள் உண்டு. இப்போது குறுவை நெல் விற்ற பணத்தில் கொஞ்சம் எடுத்து, செல்போனிலேயே ஐடி கம்பெனி, மருந்து கம்பெனி என்று வாங்குகிறார்கள். இவற்றின் பெரிய சொத்து கட்டடமோ இயந்திரமோ அல்ல. ஆட்களின் திறமை, ஆராய்ச்சி, வாடிக்கையாளர் வைத்திருக்கும் நம்பிக்கை. அறிவு மூலதனம் என்பது இதுதான். இதில் பெரும்பகுதி, கம்பெனியின் சொத்தையும் கடனையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பில் ஏறுவதே இல்லை. ஊழியருக்குப் பயிற்சி கொடுத்தால் அது அந்த வருஷத்துச் செலவு, அவ்வளவுதான்.

அதனால் பயிற்சியை வெட்டினால் அந்தக் காலாண்டிலேயே லாபம் கூடிவிடும். சட்டமீறலும் இல்லை. விதைநெல்லைக் குத்தித் தின்றுவிட்டு வீட்டில் அரிசிக்குக் குறைவில்லை என்று சொல்வது போன்றது இது. என்னிடம் படித்த ஒரு பெண் கேம்பஸ் தேர்வில் ஆஃபர் லெட்டர் வாங்கிவிட்டு, சேரும் தேதி தெரியாமல் மாதக்கணக்கில் வீட்டிலேயே இருந்தார். கேட்டால் பயிற்சி வகுப்பு தள்ளிப்போயிருக்கிறது என்ற பதில்தான். அதே சமயம் அந்தக் கம்பெனியின் லாபம் உயர்ந்ததாகச் செய்தி வந்தது. ஆர்டர் குறைந்து தள்ளிப்போட்டிருந்தால் அது நியாயம். லாபக் கணக்குக்காகத் தள்ளிப்போட்டிருந்தால்? வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

லாபத்தைக் கூட்டிக் காட்ட இன்னொரு வழியும் இருக்கிறது. இந்தியக் கணக்கியல் தரநிலை 38-இன்படி ஆராய்ச்சிச் செலவை அந்த வருஷமே கழித்துவிட வேண்டும். ஆனால் உருவாக்கச் செலவை, சில நிபந்தனைகள் நிறைவேறினால், சொத்தாக ஏற்ற வேண்டும். ஒரு மென்பொருளை உருவாக்க 10 கோடி ரூபாய் ஆனது என்று வைத்துக்கொள்வோம். செலவாகக் காட்டினால் லாபத்தில் 10 கோடி குறையும். சொத்தாக ஏற்றி 5 வருஷத்தில் கழித்தால் முழு வருஷத்துக்கு 2 கோடிதான் குறையும். அந்த மென்பொருள் விற்குமா, ஆராய்ச்சி எங்கே முடிந்து உருவாக்கம் எங்கே தொடங்கியது என்பதையெல்லாம் முதலில் முடிவு செய்வது நிர்வாகம்தான்.

அறிவு மூலதனம் வலுவாக உள்ள கம்பெனிக்கு லாபத்தை ஜோடிக்க வேண்டிய தேவை இல்லை என்பார்கள். அளக்க முடியாத சொத்து அதிகம் என்பதால் ஜோடிக்க வசதியும் அதிகம் என்பாரும் உண்டு. இதில் எது நடக்கும் என்பது, என் கணிப்பில், கணக்குகளைக் கண்காணிக்க இயக்குநர்களைக் கொண்டு அமைக்கும் தணிக்கைக் குழுவின் கையில் இருக்கிறது. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் 2015-ஆம் ஆண்டு விதிப்படி அதில் குறைந்தது 3 இயக்குநர்கள் வேண்டும், மூன்றில் இரண்டு பங்கினர் நிர்வாகத்தைச் சாராத சுயேச்சை இயக்குநர்களாக இருக்க வேண்டும், ஒருவருக்காவது கணக்கு அல்லது நிதி நிர்வாகத்தில் தேர்ச்சி வேண்டும். என்னைக் கேட்டால் அந்தத் தொழில் தெரிந்த ஒருவரும் கட்டாயம் வேண்டும். மென்பொருள் விற்குமா என்று கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

குழுவில் பெரிய பெயர்கள் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு சத்யம் என்ற ஐடி கம்பெனி சாட்சி. ஹார்வர்டு பேராசிரியர் வரை இயக்குநராக இருந்த கம்பெனி அது. தணிக்கைக் குழுவும் இருந்தது. 2009 ஜனவரி 7-இல் அதன் தலைவர் ராமலிங்க ராஜுவே கடிதம் எழுதிச் சொன்ன பிறகுதான், ரொக்கமும் வங்கி இருப்புமாகக் காட்டியதில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று ஊருக்குத் தெரிந்தது. அப்புறம் அந்தக் கம்பெனியை டெக் மஹிந்திரா ஏன் வாங்கியது? வேலை தெரிந்த ஆட்களும் வாடிக்கையாளர்களும் மிச்சமிருந்தார்கள். கணக்கில் இருந்த பணம் பொய்யாகிப்போனது. கணக்கில் ஏறாத திறமைக்குத்தான் விலை கிடைத்தது.

பங்குதாரர் பலருக்குத் தெரியாத ஒன்று: தணிக்கைக் குழுத் தலைவர் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு வந்து பங்குதாரர் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது விதி. முன்பு அதற்காக மும்பைக்கு ரயில் ஏற வேண்டியிருந்தது. 2020-க்குப் பிறகு பல கம்பெனிகள் காணொளியில் கூட்டம் நடத்துகின்றன. திருத்துறைப்பூண்டியில் உட்கார்ந்துகொண்டே, பேச்சாளராகப் பெயர் பதிந்து கேட்கலாம். பயிற்சிச் செலவு ஏன் குறைந்தது, உருவாக்கத்தில் இருக்கும் சொத்து என்ற வரி ஏன் இவ்வளவு வீங்கியது, இதைக் குழு நிர்வாகத்திடம் கேட்டதா என்று கேளுங்கள். சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள கம்பெனிகள் வேலையைவிட்டுப் போகிறவர்களின் விகிதத்தையும் பயிற்சி விவரத்தையும் ஆண்டறிக்கையோடு தர வேண்டியிருக்கிறது. லாபத்தையும் அந்தப் பக்கத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் நிறையப் புரியும்.

மார்ச்சில் கணக்கு முடிக்கும் கம்பெனிகள் செப்டம்பருக்குள் பொதுக்கூட்டத்தை நடத்தியாக வேண்டும். அதற்கு முன்பாக, நம் மாவட்டங்களில் பலர் பங்கு வைத்திருக்கும் கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளை இந்தக் கண்ணோடு படித்துச் சொல்ல, உங்கள் பத்திரிகையில் வாரம் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

– ஓய்வுபெற்ற வணிகவியல் ஆசிரியர்,
மன்னார்குடி.