பெரியவளின் படங்களும் புதுப் போனும்

அன்புள்ள கண்ணு,

அம்மா எழுதுகிறேன். இங்கே ரெயூனியன் தீவில், சேந்த் ஆந்த்ரேயில் எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை.

செப்டம்பரில் பெரியவள் கொலேஜில், அதாவது நடுநிலைப் பள்ளியில், ஆறாம் வகுப்புக்குப் போகிறாள், அதற்குள் ஒரு போன் வாங்கிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். வீடியோவில் பேசினால் நடுவில் சின்னவன் வந்து பிடுங்கிக்கொள்வான், பேச்சு பாதியில் நிற்கும். அதனால் எழுதுகிறேன். நிதானமாகப் படி. மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு.

போன் வாங்கிக் கொடு. துலூஸ் மாதிரி ஊரில் தனியாக பஸ் ஏறி இறங்கப் போகிற பிள்ளைக்கு, அம்மாவைக் கூப்பிட ஒன்று கையில் வேண்டும்தான். ஆனால் இன்டர்நெட் இல்லாத போன் போதும். பேசவும் எஸ்எம்எஸ் அனுப்பவும் முடிந்தால் சரி. இது வயதானவளின் பயம் என்று நினைத்துவிடாதே. 2024 ஏப்ரலில் டாக்டர்களும் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து பிரான்ஸ் அதிபர் மக்ரோனிடம் கொடுத்த அறிக்கையிலும் இதே வரிசைதான் இருக்கிறது. 11 வயதுக்கு முன் போனே வேண்டாம். 11 முதல் 13 வரை இன்டர்நெட் இல்லாத போன். 13-க்கு மேல் இன்டர்நெட் இருக்கலாம், ஆனால் சமூக வலைத்தளங்கள் 15-க்கு முன் வேண்டாம். 2023 ஜூலையில், 15 வயது ஆகாத பிள்ளை கணக்குத் தொடங்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். அது நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்க முடியாது. உனக்கு அப்பா நீச்சல் சொல்லிக் கொடுத்தது மேற்குக் கரை லகூனில், கால் ஊன்றக்கூடிய தண்ணீரில்தான். பவளத் திட்டைத் தாண்டி ஒரு கை தூரம்கூடப் போக விடவில்லை. பெரியவளுக்கும் முதல் இரண்டு வருஷம் அந்த மாதிரி தண்ணீர் போதும்.

இப்போது போனை விட எனக்கு முக்கியமாகத் தோன்றுவதைச் சொல்கிறேன். போன வாரம் பேசும்போது நீ அடுப்பை அணைக்க எழுந்து போனாய் அல்லவா? அந்த இடைவெளியில் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆயா, என் போட்டோவை ஃபேஸ்புக்ல போட வேணாம்னு அம்மாகிட்ட சொல்லுங்க" என்றாள். பல் விழுந்தபோது வாயைத் திறந்து காட்டிய படத்தை, அவள் வகுப்புப் பையன் ஒருவன் அவன் அம்மாவின் போனில் பார்த்துவிட்டு எல்லோரிடமும் சொல்லிக் கேலி செய்கிறானாம். உன்னிடமும் சொல்லிப் பார்த்தாளாம். "அழகாத்தானே இருக்கே" என்று நீ சிரித்துவிட்டாயாம்.

இதற்காக அவளைக் கோபிக்காதே. உள்ளேயே வைத்துக்கொள்ளாமல் ஒரு பெரியவரிடம் வந்து சொன்னாளே, அது எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? அந்தக் குணம் அவளிடம் கடைசிவரை இருக்க வேண்டும்.

உன் ஆசையும் எனக்குப் புரிகிறது. பாண்டிச்சேரியில் அத்தை, காரைக்காலில் சித்தி, இங்கே நாங்கள் என்று ஆளுக்கொரு மூலையில் இருக்கிறோம். பிள்ளைகள் வளர்வதை எல்லோரும் பார்க்கட்டும் என்றுதான் போடுகிறாய். ஆனால் அங்கே பார்ப்பது சொந்தக்காரர்கள் மட்டும் இல்லை. உன் பழைய ஆபீஸ்காரர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள், பெரியவளின் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லோரும் இருக்கிறார்கள். பள்ளிக்கூட வாசலில் எடுத்த படத்தில் பள்ளியின் பெயர் தெரிகிறது. நாட்டிய வகுப்பு ஆண்டு விழாப் படத்தில் அரங்கத்தின் பெயரும் தேதியும் இருக்கின்றன. போன வருஷம் இங்கே கடற்கரையில் எடுத்த படத்தில் அவள் நீச்சல் உடையில் இருக்கிறாள். இப்போது முகம் தெளிவாகத் தெரிகிற சாதாரணப் படம் ஒன்று கிடைத்தாலே, அதை ஆடையில்லாத உடம்போடு பொருத்தித் தருகிற ஆப்கள் வந்துவிட்டன. பள்ளிப் பையன்களே அதைச் செய்கிறார்கள். சம்மதமில்லாமல் அப்படி ஆபாசமாகப் படம் செய்து இணையத்தில் பரப்பினால் 3 வருஷம் சிறை, 75,000 யூரோ அபராதம் என்று 2024 மே மாதச் சட்டம் சொல்கிறது. சட்டம் இருப்பது நல்லதுதான். ஆனால் அது வேலை செய்யத் தொடங்குவதற்குள் படம் எத்தனை கைக்குப் போயிருக்கும்?

இன்னொரு சட்டம் உனக்கும் மாப்பிள்ளைக்குமே பொருந்தும். 2024 பிப்ரவரியில் வந்தது. பிள்ளையின் படத்துக்கான உரிமையைத் தாயும் தகப்பனும் சேர்ந்து காக்க வேண்டும், அந்த விஷயத்தில் அதன் வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்றபடி பிள்ளையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அதில் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் பிள்ளையிடம் கேட்கிறோம், சொல்.

சட்டத்துக்காக இதைச் செய் என்று நான் சொல்லவில்லை. அவள் வேண்டாம் என்கிறாள், நீ கேட்கிறாய், படத்தை எடுத்துவிடுகிறாய். அப்போது தன் படத்தைப் பற்றித் தான் சொல்வதற்கு மதிப்பு உண்டு என்று அவளுக்குத் தெரியும். நாளை 13, 14 வயதில் எவனாவது "ஒரே ஒரு படம் அனுப்பு, பார்த்ததும் அழித்துவிடுகிறேன்" என்று நச்சரிக்கும்போது, வேண்டாம் என்று சொல்ல அவளுக்குப் பழக்கம் இருக்கும். பெற்ற அம்மாவிடமே அந்தச் சொல் செல்லவில்லை என்றால், அவனிடம் அதைச் சொல்ல அவளுக்குத் தைரியம் எங்கிருந்து வரும்? இந்த ஞாயிற்றுக்கிழமை அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு படமாகப் பாருங்கள். அவள் சொல்கிறவற்றை எடுத்துவிடு. எங்களுக்குக் காட்ட வேண்டியதை அவளிடம் கேட்டுவிட்டு எனக்கு நேராக அனுப்பு, யாருக்கும் மேலே அனுப்பாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறேன்.

கொலேஜில் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் பல வருஷம் இருந்தவள் நான், உனக்குத் தெரியும். 2018-லிருந்து கொலேஜுக்குள் பிள்ளைகள் போன் பயன்படுத்தக் கூடாது. நல்ல சட்டம். ஆனால் வாசலைத் தாண்டியதும் பஸ் நிறுத்தத்தில் அத்தனை தலையும் குனிந்திருக்கும். அங்கே ஆரம்பிக்கிற விஷயம் மறுநாள் காலை வகுப்புக்குள் வந்து நிற்கும்.

ஒரு பெண் இருந்தாள். 13 வயது. தனக்குப் பிடித்த பையனுக்கு ஸ்னாப்சாட்டில் ஒரு படம் அனுப்பினாள். பார்த்ததும் மறைந்துவிடும், ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் தனக்குத் தெரிந்துவிடும் என்று நம்பினாள். அவன் பக்கத்தில் இருந்தவன் போனை வாங்கி அந்தத் திரையையே படம் எடுத்துவிட்டான். திங்கட்கிழமை வகுப்பு முழுக்க அது இருந்தது. அவள் சாப்பாட்டு வரிசைக்கு வருவதை நிறுத்தினாள். வயிற்றுவலி என்று அடிக்கடி நர்ஸ் அறையில் போய்ப் படுத்தாள். பல வாரம் ஒருவரிடமும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் நர்ஸிடம் அழுதாள். வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "போனைப் பிடுங்கிவிடுவார்கள், அப்பா அப்புறம் என் முகத்தையே பார்க்க மாட்டார்" என்றாள். அந்தப் படம் செய்த கெடுதலை விட, அதைத் தனியாகச் சுமந்த அந்த வாரங்கள்தான் அவளை அதிகம் உருக்குலைத்தன. நான் கண்ணால் பார்த்தேன்.

நம் வீடுகளில் இது இன்னும் கஷ்டம், கண்ணு. இப்படி ஒன்று நடந்தால் நம் வாயில் முதலில் வருவது "மானம் போச்சு" என்பதுதான். அது பிள்ளையின் காதில் முன்னமே விழுந்திருக்கும், வேறு யார் வீட்டுப் பெண்ணைப் பற்றியோ நாம் சாப்பிடும்போது பேசியதிலிருந்து. நமக்கு ஒன்று நடந்தால் நம்மையும் இப்படித்தான் சொல்வார்கள் என்று அது முடிவு கட்டிவிடுகிறது. தயவுசெய்து அந்தப் பேச்சை வீட்டில் விடுங்கள். போனைக் கையில் கொடுக்கும்போதே அவளிடம் நேராகச் சொல்லிவிடு. என்ன நடந்தாலும், தப்பு உன் பேரிலேயே இருந்தாலும், எங்களிடம் சொன்னதற்காக உன்னைத் திட்ட மாட்டோம், போனைப் பிடுங்க மாட்டோம் என்று. மாப்பிள்ளையும் தன் வாயால் சொல்ல வேண்டும். பெண்பிள்ளைகள் அதிகம் பயப்படுவது அப்பாவின் முகத்துக்குத்தான்.

அண்ணன் மகனுக்கும் 16 ஆகிறது, அவனிடமும் நீ பேசு. நான் சொன்னால் கூச்சப்படுவான். பெண் பெயரில் ஒரு கணக்கு வந்து இனிமையாகப் பேசி, படம் வாங்கி, அடுத்த நிமிஷமே "பணம் அனுப்பு, இல்லாவிட்டால் உன் நண்பர்கள் எல்லோருக்கும் அனுப்புவேன்" என்று மிரட்டுகிற கூட்டம் பையன்களைத்தான் அதிகம் குறிவைக்கிறது. ஒரு யூரோகூட அனுப்பக் கூடாது. ஒரு தடவை கொடுத்தால் திரும்பக் கேட்பார்கள். பேசியதை அழிக்காமல் எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, ஆளை பிளாக் செய்துவிட்டு, 3018 என்ற உதவி எண்ணைக் கூப்பிட வேண்டும். இலவசம். வாரம் 7 நாளும் காலை 9 முதல் இரவு 11 வரை எடுக்கிறார்கள். பிள்ளையும் பேசலாம், நீயும் பேசலாம். பள்ளியில் நடக்கிற துன்புறுத்தலுக்கும் இதே எண்தான். அதை நடத்தும் சங்கத்தின் புகார்களை இணைய நிறுவனங்கள் முன்னுரிமை கொடுத்துப் பார்க்க வேண்டும் என்ற தகுதி 2024 நவம்பரில் அதற்குக் கிடைத்தது. நாம் தனியாகப் புகார் செய்வதை விட வேகமாக நடக்கும். போலீஸிலும் புகார் கொடுக்க வேண்டும். பிள்ளையிடம் அந்த மாதிரிப் படம் கேட்பதே பெரியவர்களுக்குக் குற்றம். 2021-லிருந்து அதற்கு 7 வருஷம் சிறை, 1 லட்சம் யூரோ அபராதம். 18 வயது ஆகாதவர்களின் படத்துக்கு டேக் இட் டவுன் என்று ஒரு இலவச சேவையும் இருக்கிறது. படம் நம் போனை விட்டுப் போகாமலே அதற்கு ஒரு அடையாள எண் உருவாக்கி, அதில் சேர்ந்திருக்கிற நிறுவனங்களுக்குக் கொடுக்கிறது. அந்தப் படம் அங்கே வந்தால் கண்டுபிடித்து எடுத்துவிடுவார்கள்.

நான் இவ்வளவு சொல்லியும் ஸ்மார்ட்போன்தான் என்று இருவரும் முடிவு செய்தால், சரி, சில விஷயங்களை மட்டும் கவனியுங்கள். 2024 ஜூலையிலிருந்து பிரான்சில் விற்கிற போன்களில் பெற்றோர் கட்டுப்பாட்டு வசதி கட்டாயம் இருக்க வேண்டும். முதன்முறை போனைத் திறக்கும்போது அது கேட்கும், அவசரத்தில் தாண்டிப் போய்விடாதீர்கள். பிறந்த தேதியை உண்மையாகப் போடுங்கள். பிள்ளைகள் வருஷத்தை மாற்றிப் போட்டு உள்ளே போகிறார்கள். அப்போது அந்த ஆப் அவர்களைப் பெரியவர்களாக எண்ணி, சின்ன வயதினருக்கு வைத்திருக்கிற தடுப்புகளை எல்லாம் எடுத்துவிடுகிறது. ஸ்னாப்சாட்டில் ஆள் எங்கே இருக்கிறார் என்று வரைபடத்தில் காட்டுகிற வசதியை அணைத்து வையுங்கள். அப்புறம் ஸ்னாப்சாட்டில் தோழியின் பெயருக்குப் பக்கத்தில் வருகிற அந்த நெருப்புப் படம். தினமும் ஒருவருக்கொருவர் ஏதாவது அனுப்பினால்தான் அது அணையாமல் இருக்குமாம். இங்கே லீவுக்கு வெளியூர் போகிற பிள்ளைகள், அது அணைந்துவிடக் கூடாது என்று தோழியிடம் பாஸ்வேர்டையே கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பாஸ்வேர்டு அம்மா அப்பாவைத் தவிர யாருக்கும் இல்லை என்று முதல் நாளே சொல்லிவிடு. இரவில் போன் அடுப்படியில் சார்ஜ் ஆகட்டும், உங்கள் போனும் அங்கேயே இருக்கட்டும்.

அவளுக்குத் தெரியாமல் மெசேஜ்களைப் படிக்க ஏதோ ஆப் இருக்கிறது என்று மாப்பிள்ளை சொன்னதாகச் சொன்னாய். அது வேண்டாம். அவர் பயம் நியாயமானது, ஆனால் பிள்ளைகள் அதை எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு வேறு பெயரில் இன்னொரு கணக்கு வரும். அதை நீங்கள் பார்க்கவே முடியாது. வாரம் ஒரு தடவை அவளோடு உட்கார்ந்து, அவள் கண் முன்னாலேயே பாருங்கள். யார் இது, எப்படித் தெரியும் என்று சாதாரணமாகக் கேளுங்கள்.

சின்னவன் டேப்லெட்டில் ரோப்லாக்ஸ் விளையாடுகிறானே, அதில் முன்பின் தெரியாதவர்கள் பேச வரலாம். பெற்றோர் கணக்கில் போய் சாட்டை நிறுத்திவிடு. கதவை மூடிக்கொண்டு விளையாட வேண்டாம், ஹாலில் விளையாடட்டும். இது பத்து நிமிஷ வேலை, இன்றைக்கே செய்துவிடு.

போன் வாங்கும் முன் ஒரு தடவை கூப்பிடு, எந்த மாடல் என்று அப்பாவும் பார்க்க வேண்டுமாம். நேற்று ஒரு பார்சல் அனுப்பினோம். அச்சார் இரண்டு டப்பா, தோட்டத்து வனிலா கொஞ்சம், பெரியவளுக்கு ஒரு பாவாடை. அளவு சரியாக இருக்கிறதா என்று சொல்.

அன்புடன்,
அம்மா