குன்னூர் விதையும் அடி உடைந்த சாடியும்

தேவகோட்டை
மாசி 10

அன்புள்ள மெய்யப்பா,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. முட்டிவலி எப்படி இருக்கிறது? குளிரில் விடியற்காலை நடை வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் கேட்கிற ஆளா நீ!

சரி, நீ கொடுத்த லூபின் பூச்செடி விதைகளின் கதைக்கு வருகிறேன். போன சித்திரையில் உன் குன்னூர் வீட்டு வாசலில் நீலமும் ரோஜா நிறமுமாகக் கோபுரம் கோபுரமாக நின்றதில் மயங்கி முப்பது விதை வாங்கி வந்தேனே, அவைதான். தோல் கல் மாதிரி. நீ சொன்னபடி உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, இரவு முழுக்க ஊறவைத்து, உப்பியவற்றை மட்டும் புரட்டாசிக் கடைசியில் ஊன்றினேன்.

பாதியைப் பின்கட்டுச் சுவரோரம் ஊன்றியதுதான் பிசகு. முன்பு வீட்டைப் பழுது பார்த்தபோது உதிர்ந்த சுண்ணாம்புக் காரையை அங்கேதான் கொட்டி மட்டம் பண்ணியிருந்தோம். முளைத்தது என்னவோ முளைத்தது. நாலு இலை விடுவதற்குள் மஞ்சள் பாய்ந்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. மண்ணில் சுண்ணாம்பு மிகுந்தால் இந்தச் செடியால் இரும்புச் சத்தை எடுக்க முடியாது, வெளிறிப்போகும். நம் வீட்டுச் சுவர்ப் பூச்சின் வழவழப்பைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆள் வருகிறார்கள். லூபினுக்கு அது ஆகவில்லை.

மீதியைத் தொட்டியில் போட்டேன். ஆணிவேர் நேரே கீழே இறங்கும், பிடுங்கி நட்டால் பிழைக்காது. அதனால் ஆழமாக ஏதாவது வேண்டும் என்று பரணில் தேடினால், அடி உடைந்த ஊறுகாய்ச் சாடிகள் இரண்டு கிடைத்தன. தண்ணீர் வடிய ஓட்டையும் தயார்! ஆத்தா காலத்துச் சாடியில் செடியா என்று மீனாட்சி இரண்டு நாள் பேசவில்லை. செம்மண், மணல், இலை மக்கு, வேறொன்றும் சேர்க்கவில்லை. ஐப்பசி மழையில் பாதி அழுகியது. தாழ்வாரத்துக்கு இழுத்து வைத்தபின் சாடிக்கு ஒன்றாக இரண்டு மிஞ்சின.

அந்த இலை இருக்கிறதே, விரித்த உள்ளங்கைபோல! நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் பாதரசமாக உருண்டு நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டே பல நாள் காப்பியை ஆறவிட்டிருக்கிறேன். தையில் ஒன்று பூத்தது, ஒரு சாண் உயரம்கூட இல்லை. "கட்டவும் முடியாது, தலையில் வைக்கவும் முடியாது, இதற்கா இத்தனை பாடு?" என்றாள் மீனாட்சி. மாசி பிறந்து வெயில் ஏறியதும் இரண்டும் துவண்டு சாய்ந்துவிட்டன.

பிடுங்கி வேரைப் பார்த்தேன். பயறு வகைக்குரிய, தழைச்சத்தைச் சேர்த்துத் தரும் வேர்முடிச்சு ஒன்றுகூட இல்லை. அதற்கென்று உள்ள நுண்ணுயிர் நம் மண்ணில் இல்லை போலிருக்கிறது. அன்று சாயங்காலம் ஊரணிக் கரையில் மஞ்சளாக ஒன்று கண்ணில் பட்டது. கிலுகிலுப்பை! அதே கோபுரக் கட்டு, அதே அவரைப்பூ வடிவம். பள்ளிக்கூடம் போகும் வழியில் காய்ந்த நெற்றைப் பறித்து என் காதருகே ஆட்டுவாயே, அதேதான். ஒன்றைப் பிடுங்கினால் வேரெல்லாம் முடிச்சு. அறுபது வருடமாக அதைத் தாண்டிப் போயிருக்கிறேன், பூவைப் பார்த்ததில்லை. உரத்துக்கு உழுகிற சணப்பையும் இதற்கு உடன்பிறப்புதான்.

ஒன்று, உன் பேரன் தவழ்கிறான் என்று எழுதியிருந்தாய். தோட்டத்து லூபின் காய் பார்க்கப் பட்டாணி மாதிரி இருக்கும், விதை நஞ்சு. காய் பிடிக்குமுன் பூந்தண்டை வெட்டிவிடு. எகிப்தில் வேலை பார்த்த எங்கள் மாப்பிள்ளை, அங்கே ஒரு லூபின் வகையை நாள்கணக்கில் தண்ணீர் மாற்றி ஊறவைத்துக் கசப்பைப் போக்கிச் சுண்டல்போலத் தின்பார்கள் என்றார். அது வேறு வகை. நீ சோதித்துப் பார்க்காதே.

ஆச்சிக்குக் கவுனி அரிசி அனுப்பியிருக்கிறேன். அப்புறம், வெட்டும்போது விதைக்கென்று ஒரு தண்டை மட்டும் குழந்தைக்கு எட்டாத இடத்தில் விட்டுவை. இந்த வருடம் ஆறு விதை போதும், சாடி இரண்டுதானே.

உன்
சொக்கலிங்கம்