புதிய போர்டுகளில் லினக்ஸ் ஓட: மதுரைக் குழுவின் நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

"லினக்ஸ்தான் எல்லாத்துலயும் ஓடுதே, அப்புறம் எதுக்கு வசூல்?" ரசீதுப் புத்தகத்தை எடுத்ததுமே வரும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். பதிலைச் சொல்லிவிட்டே கேட்கிறோம்.

ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த வடிவமைப்பு ப்ராசஸர்களுக்கான ஆதரவு, 2018 ஜனவரியில் வெளியான 4.15 கெர்னலிலேயே (கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி) சேர்ந்துவிட்டது. ஐஐடி மெட்ராஸின் 'சக்தி' ப்ராசஸரும் அந்த வகைதான். ஆனால் ப்ராசஸர் ஓடினால், அது உட்கார்ந்திருக்கும் போர்டு, அதாவது அந்தச் சின்னக் கம்ப்யூட்டர், ஓடிவிடாது. ஈதர்நெட், எஸ்டி கார்டு, டிஸ்ப்ளே என ஒவ்வொன்றையும் இயக்க டிரைவர் என்ற நிரல் வேண்டும். வீட்டுக் கம்ப்யூட்டரில் எந்தப் பாகம் எங்கே இருக்கிறதென்று பயாஸ் என்ற உள்ளமைந்த நிரல் சொல்லிவிடும். சின்ன போர்டுகளில் பெரும்பாலும் சொல்ல ஆளில்லை. டிவைஸ் ட்ரீ என்ற கோப்பில் முகவரி, இன்டரப்ட் எண் (பாகம் ப்ராசஸரைக் கூப்பிடும் வழியின் எண்) எல்லாவற்றையும் யாராவது உட்கார்ந்து எழுதியாக வேண்டும்.

போர்டு விற்பவர் ஒரு கெர்னல் தருவார்தான். எப்போதோ பிரித்தெடுத்த பழைய பதிப்பு, அதன்மேல் அவருடைய திருத்தங்கள். அடுத்த மாடல் வந்ததும் பல பேர் இதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பாதுகாப்புத் திருத்தம் வராது, புதுப் பதிப்பும் ஏறாது. ஆசையாக வாங்கிய போர்டு ஆய்வக பீரோவுக்குள் போய்விடும். டிரைவர் மெயின்லைன் எனப்படும் எல்லோருக்கும் பொதுவான மூலக் கெர்னலுக்குள் சேர்ந்துவிட்டால் கதையே வேறு: கெர்னலின் உள்ளமைப்பை மாற்றுகிறவரே, அதனால் பாதிக்கப்படும் டிரைவர்களையும் திருத்திக் கொடுப்பது அங்கே வழக்கம். எனவே நாங்கள் கேட்பது மெயின்லைன் வேலைக்கு மட்டுமே.

போர்டு பேசுவதைக் கம்ப்யூட்டரில் படிக்க, சீரியல் கேபிளின் மூன்று வயரை மாட்டி, விநாடிக்கு 115200 பிட் வேகத்தில் திறந்தால், 'ஸ்டார்ட்டிங் கெர்னல்' என்று ஒரு வரி வரும். சில நாள் அதோடு சரி. சில நாள் பாதி ஓடிவிட்டு ஊமையாகும். எந்த டிரைவரும் கேட்டு வாங்காத கிளாக்குகளை (பாகங்களை ஓடவைக்கும் மின்துடிப்புகளை), தான் தொடங்கி முடிக்கும் கட்டத்தில் கெர்னல் அணைத்துவிடும். சீரியல் போர்ட்டின் கிளாக்கை டிவைஸ் ட்ரீயில் எழுதாமல் விட்டிருந்தால் அதுவும் அணைந்துபோகும். போர்டு உயிரோடுதான் இருக்கும், பேசாது. இதையெல்லாம் மேனுவலைப் படித்தே பிடித்துவிட முடியாது. போர்டை மாற்றி மாற்றி அணைத்துப் போட்டுப் பார்க்க வேண்டும்.

எல்லீஸ் நகரில் நண்பர் ஒருவர் வாடகையில்லாமல் ஓர் அறை தந்திருக்கிறார். அங்கே 8 போர்டுகளை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் மின்சாரத்தைத் தூரத்திலிருந்தே அணைத்துப் போட ஒரு ரிலே வைக்கப்போகிறோம். உசிலம்பட்டியிலோ மேலூரிலோ இருக்கும் மாணவி, வீட்டிலிருந்தே போர்டை அணைத்துப் போட்டு, தன் கெர்னலை நெட்வொர்க் வழியே ஏற்றிப் பார்க்கலாம். போர்டுகளுக்கு 72,000 ரூபாய். ரிலே, கேபிள், ஸ்விட்ச், ஸ்டாண்டு வகையில் 28,000. யுபிஎஸ், பேட்டரிக்கு 35,000. கேபிளும் ஸ்டாண்டும் டவுன்ஹால் ரோட்டில் பேரம் பேசித்தான் வாங்குவோம்.

மீதி 1,20,000 இந்த வேலையைச் செய்யும் இரண்டு மாணவர்களுக்கு, மாதம் 10,000 வீதம் ஆறு மாத உதவித்தொகை. "படிக்கிற பிள்ளைகளுக்கு எதுக்குக் காசு?" என்று எங்கள் கமிட்டிக்குள்ளேயே சண்டை நடந்தது. பேட்ச், அதாவது நாம் எழுதிய திருத்தம், அனுப்பிய மறுநாளே கெர்னலில் சேர்ந்துவிடாது. கெர்னலின் அந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பாளர் குறை சொல்லித் திருப்புவார். திருத்தி அனுப்பினால் மறுபடி திருப்புவார். ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒரு கெர்னல் பதிப்பு. அதில் புது வேலையைச் சேர்ப்பது முதல் இரண்டு வாரம்தான். தவறினால் அடுத்த சுற்று. இதற்குள் பையன் வேலை கிடைத்து பெங்களூரு போய்விடுகிறான், பேட்ச் அநாதையாகிறது. கமிட்டி கடைசியில் ஒத்துக்கொண்டது.

ஆக மொத்தம் 2,55,000 ரூபாய். நூறு ரூபாயும் வாங்குவோம், ரசீது உண்டு. 80ஜி வரிச்சலுகை கிடையாது. குழு இன்னும் பதிவாகவில்லை. மொய் நோட்டு போலப் பெயர், ஊர், தொகை எழுதிவைப்போம், திருப்பிச் செய்ய மாட்டோம் என்பது மட்டும்தான் வித்தியாசம். உங்கள் பீரோவில் சும்மா கிடக்கும் போர்டையும் தரலாம், சார்ஜர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கப்பலூர் பக்கம் பட்டறை வைத்திருப்பவர்கள் தங்கள் கன்ட்ரோலர் போர்டின் சர்க்யூட் வரைபடத்தைக் கொடுத்தால், டிவைஸ் ட்ரீ எழுத உதவும், அது ரொக்கத்தைவிட மேல்.

செலவுக் கணக்கு பில்களோடு மாதாமாதம் அறைச் சுவரில் ஒட்டப்படும். பெயர் வேண்டாமென்றால் முன்பே சொல்லிவிடுங்கள், 'நலம்விரும்பி' என்று எழுதிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கெர்னல் வேலைக் குழுவினர்,
மதுரை